மூச்சும் ஆயுளும்

திருத்தணி மலைக்கோயிலுக்கு ஏறிச் செல்லும் படிகள் 365. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று பெரியோர் சொல்லுவது வழக்கம். அந்த மலைக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது நான் பிறந்த பொதட்டூர்பேட்டை. தறியொலி கேட்டே விடியும் ஊர் அது. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசிக்கொள்ளும் ஊர். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்த கதையை எங்கள் வீட்டில் சொல்லாத நாள் இல்லை. அக்கதையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இன்று நான் பேச வந்தது அந்தப் படிகளைப் பற்றியும், அவற்றில் ஏறும்போது வாங்குகிற மூச்சைப் பற்றியும்தான்.

என் தந்தையார் குழித்தறியில் நெய்தவர். ஆண்டுதோறும் ஆடிக் கிருத்திகைக்கு அவர் எங்களை அழைத்துக்கொண்டு இரவிலேயே புறப்படுவார். நடந்தே செல்வோம். பொய்கையில் நீராடிவிட்டுப் படியேறத் தொடங்கும்போது கிழக்கு வெளுத்திருக்கும். மற்றவர்கள் முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஏறுவார்கள். தந்தையாரும் சொல்லுவார், ஆனால் வாய்க்குள் படிகளையும் எண்ணிக்கொண்டே வருவார். மூச்சு முட்டி, இனி நின்றால்தான் ஆகும் என்று முதன்முதலாக எந்தப் படியில் தோன்றுகிறதோ, அந்தப் படியின் எண்ணை நினைவில் வைத்துக்கொள்வார். வீடு திரும்பியதும் தறிக்குழிக்கு மேலே சுவரில் கரித்துண்டால் அந்த எண்ணை எழுதி வைப்பார். 240, 236, 231 என்று ஆண்டுக்கொன்றாக அந்தச் சுவரில் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன.

ஓர் ஆண்டு அந்த எண் திடீரென்று 140 ஆயிற்று. தந்தையார் அன்றைக்கே அம்மாவிடம், "உடம்பில் ஏதோ இருக்கிறது" என்றார். தறியில் உட்கார்ந்தால் வழக்கம்போல நெய்ய முடிந்தது, பசித்தது, உறக்கம் வந்தது. ஆகவே அம்மா நம்பவில்லை. ஆனாலும் மருத்துவரிடம் போனார்கள். குடற்புண்ணிலிருந்து சிறிது சிறிதாகக் கசிந்து, அவருடைய இரத்தம் பாதியாய் வெளுத்துப் போயிருந்தது. மருந்து உண்டு தேறினார். மறு ஆண்டு சுவரில் எழுதிய எண் 222.

அப்போது நான் சென்னையில் மருத்துவ மாணவன். நாடி இருக்கிறது, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருக்கிறது, எடை பார்க்கும் யந்திரம் இருக்கிறது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுப் படியை எண்ணுகிறாரே என்று நகைத்தவன் நான். பிறகு நானே உடலியல் கற்பிக்கும் ஆசிரியனாகி, நூலகத்தில் பழைய ஏடுகளைப் புரட்டியபோதுதான், எங்கள் வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய அந்தக் கணக்குக்கு உலகெங்கும் எத்தனை உறவினர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

மாணவ நண்பர்களே, முதலில் ஒன்றைக் கவனியுங்கள். சும்மா இருக்கும் உடல் தன் குறைகளை மறைத்துக்கொள்ளும். ஓய்வாக அமர்ந்திருக்கும் மனிதனின் இருதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. ஆரோக்கியமான இளைஞன் ஒருவன் முழு வேகத்துடன் ஓடும்போது அது 20 லிட்டரைத் தாண்டும். ஆகவே உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு அவனுடைய இருதயத்தின் திறமையில் கால் பங்கே போதும். மீதி முக்கால் பங்கு இருக்கிறதா, கரைந்துவிட்டதா என்பது நாற்காலியில் இருக்கும் வரையில் வெளிப்படாது. படியேறச் சொன்னால் வெளிப்பட்டுவிடும்.

ஏறும்போது என்ன நடக்கிறது? காலின் தசைகள் உடலின் பாரம் முழுவதையும் மேலே தூக்குகின்றன. அதற்கு எரிபொருள் வேண்டும். அதை எரிக்கப் பிராணவாயு வேண்டும். நுரையீரல் காற்றை இழுத்துப் பிராணவாயுவைப் பிரித்துக் கொடுக்கிறது. இரத்தத்தின் சிவப்பணுக்கள் அதைச் சுமக்கின்றன. இருதயம் அந்த இரத்தத்தை உந்தித் தள்ளுகிறது. நாளங்கள் விரிந்து வழிவிடுகின்றன. கடைசியில் தசையின் உயிரணுக்களுக்குள் இருக்கும் நுண்ணிய உலைகள் அதைப் பயன்படுத்திக்கொள்கின்றன. எங்கள் ஊரில் ஒரு சேலை உருவாவதும் இப்படித்தான். பாவு ஓடுபவர் ஒருவர், கஞ்சி போடுபவர் ஒருவர், தார் சுற்றுபவர் ஒருவர், தறியில் உட்காருபவர் ஒருவர். இவர்களில் யார் கை தளர்ந்தாலும் மாலையில் படமரத்தில் சுருண்டிருக்கும் துணி குறைந்துவிடும். எவர் தளர்ந்தார் என்று துணி சொல்லாது. யாரோ தளர்ந்துவிட்டார் என்று மட்டும் சொல்லிவிடும். என் தந்தையாரின் விஷயத்தில் நுரையீரல் நன்றாகவே இருந்தது; இருதயமும் தசையும் அப்படியே. சுமக்கும் இரத்தம்தான் குறைந்திருந்தது. ஆனால் எண் என்னவோ நூறுக்கு அருகே இறங்கிவிட்டது.

இந்த உச்ச அளவை ஆய்வுக்கூட முறையில் அளக்கத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ஏ. வி. ஹில் என்னும் ஆங்கிலேய அறிஞர். தசையில் வெப்பம் உண்டாவதைப் பற்றி ஆராய்ந்து 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்றவர். மான்செஸ்டரில் இருந்தபோது, வெளிவிடும் காற்றைப் பிடிக்கும் பெரிய பையொன்றை முதுகில் கட்டிக்கொண்டு புல்தரையில் தாமே ஓடினார். வேகத்தைக் கூட்டக் கூட்ட உடல் கொள்ளும் பிராணவாயுவும் கூடிக்கொண்டே போயிற்று. ஆனால் ஓர் எல்லைக்குப் பிறகு எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது கூடவில்லை. அந்த எல்லைதான் ஒருவனுடைய உச்சம். 1923இல் அவரும் அவருடைய துணைவர் லப்டனும் இதை எழுதி வெளியிட்டார்கள். நோபல் பரிசு பெற்ற ஒருவர் முதுகில் பையுடன் வட்டமாக ஓடிக்கொண்டிருந்த காட்சியை நான் மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் சிரிப்பு எழும். அறிவியலில் சிரிப்புக்கு இடமானவை பல பின்னர் பெருமைக்கு இடமாகியிருக்கின்றன.

ஹில்லின் கவனமெல்லாம் ஓட்டக்காரர்களின் திறமையிலேயே இருந்தது. இந்தத் திறமைக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு வழி திறந்தவர் லண்டனில் இருந்த ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவர். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இருதய நோயால் மாண்டவர் தொகை அங்கே ஏறிக்கொண்டிருந்தது. காரணம் தேடிய மாரிஸின் கண்ணில் லண்டன் நகரத்து மாடி பஸ்கள் பட்டன. ஒவ்வொரு பஸ்ஸிலும் இரண்டு ஊழியர்கள்: ஓட்டுநர் ஒருவர், கண்டக்டர் ஒருவர். ஒரே நிறுவனம், ஒத்த வாழ்க்கை நிலை. ஆனால் ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்தே இருப்பவர். கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக மாடிப்படியில் ஏறி இறங்கியபடியே இருப்பவர். நாளொன்றுக்கு அவர் ஏறிய படிகள் 500 முதல் 750 வரை. கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவு. வந்தாலும் பின்னால் வந்தது. வந்த உடனே மாண்டவரும் குறைவு. 1953இல் இந்த முடிவை வெளியிட்டார். கோபுரமும் இல்லை, காவடியும் இல்லை. ஆயினும் லண்டன் கண்டக்டர் ஒவ்வொரு நாளும் ஒரு திருத்தணி மலையை ஏறி முடித்தவர்தாம்.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நான் ஆசிரியனாக இருந்து பயனில்லை. உட்கார்ந்திருந்ததால் ஓட்டுநருக்கு நோய் வந்ததா, அல்லது நோய்க்கு ஏற்ற உடல்வாகு உள்ளவர்களே ஓட்டுநர் வேலைக்குப் போனார்களா? மாரிஸ் இந்தக் கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். அதற்கு அவர் விடை தேடிய இடம் விந்தையானது: தையல் கணக்கு! ஊழியர்களுக்கு நிறுவனம் தைத்துக் கொடுத்த காற்சட்டைகளின் இடுப்பளவைப் பார்த்தார். வேலையில் சேர்ந்த புதிதிலேயே ஓட்டுநர்களின் இடுப்பு கண்டக்டர்களின் இடுப்பைக் காட்டிலும் பெரிதாக இருந்தது. அதாவது வேறுபாட்டில் ஒரு பங்கு பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே இருந்திருக்கிறது. தம்முடைய புகழ்பெற்ற முடிவையே சற்றுக் குறைத்துக் காட்டக்கூடிய இந்தச் செய்தியை அவரும் தோழர்களும் 1956இல் தாங்களே வெளியிட்டார்கள். அவரிடம் எனக்குப் பெருமதிப்பு உண்டானது 1953ஆம் ஆண்டுக் கட்டுரையால் அன்று. இந்த 1956ஆம் ஆண்டுக் கட்டுரையால்தான். மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்து 2009இல் காலமானார்.

வேலையைப் பார்த்து உடலை ஊகிப்பதைவிட, உடலின் உச்சத்தையே நேராக அளந்துவிட்டால் என்ன? இதற்கு உதவியது டிரெட்மில் என்னும் நடைப்பொறி. பட்டை நம் காலடியில் பின்னோக்கி ஓடும். நாம் நின்ற இடத்திலேயே நடக்க வேண்டும். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறைப்படி, மூன்று நிமிடத்துக்கொரு முறை வேகமும் ஏற்றமும் கூட்டப்படும். எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறோம் என்பதிலிருந்து நம் உச்சத்தைக் கணக்கிட்டுவிடலாம். அதைச் சொல்ல ஓர் எளிய அலகும் உண்டு. சும்மா அமர்ந்திருக்கும் உடல், எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் செலவிடுவதாகக் கணக்கு. இதை ஒரு மெட் என்பார்கள். ஒருவரின் உச்சம் 8 மெட் என்றால், ஓய்வில் செலவிடுவதைப்போல் எட்டு மடங்கு வேலையை அவருடைய உடல் தாங்கும் என்பது பொருள்.

டெக்ஸாஸ் மாநிலத்து டல்லஸ் நகரில் ஸ்டீவன் பிளேர் என்பவரும் குழுவினரும் 13,344 ஆண் பெண்களை இவ்வாறு சோதித்து, எட்டாண்டுகளுக்கு மேல் அவர்களைத் தொடர்ந்து கவனித்து, 1989இல் முடிவை வெளியிட்டார்கள். திறன் வரிசையில் அவர்களை ஐந்து கூறுகளாகப் பிரித்தார்கள். கடைசிக் கூற்றில் இருந்த ஆண்களில் பதினாயிரம் பேருக்கு ஆண்டுக்கு 64 பேர் மாண்டனர், முதற்கூற்றில் 18.6 பேர். பெண்களில் அதே கணக்கு 39.5க்கு 8.5. புகைபிடித்தல், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு திருத்திய பிறகும் வேறுபாடு மறையவில்லை. இன்னொன்று குறிப்பிடத்தக்கது. மிகப் பெரிய இறக்கம் கடைசிக் கூற்றுக்கும் அதற்கு அடுத்த கூற்றுக்கும் இடையிலேயே இருந்தது. ஓட்டப்பந்தய வீரர் ஆகவேண்டிய தேவை இல்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு வரிசை முன்னால் வந்தாலே பெரும்பயன் உண்டு என்று அந்தக் கணக்கு காட்டிற்று.

பிறகு 2002இல் கலிபோர்னியாவில் ஜோனதன் மையர்ஸ் குழுவினர் 6,213 ஆண்களைப் பற்றிய முடிவை வெளியிட்டார்கள். வயதைக் கணக்கில் கொண்டபின், அவர்கள் அளந்தவற்றுள் மரணத்தை மிக வலுவாக முன்கூட்டிக் காட்டியது உழைப்புத் திறன்தான். இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், நீரிழிவு எதுவும் அதற்கு ஈடாக நிற்கவில்லை. திறன் ஒரு மெட் கூடினால் பிழைத்திருக்கும் வாய்ப்பு 12 சதவீதம் கூடிற்று. நாடி, வெப்பம், சுவாசம், இரத்த அழுத்தம் இவற்றைப் போலவே இதையும் உயிர்க்குறிகளில் ஒன்றாக மருத்துவர்கள் கருத வேண்டும் என்று 2016இல் அமெரிக்க இருதயச் சங்கம் அறிக்கையே வெளியிட்டது.

இந்த இடத்தில் என் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தந்தையாருக்குப் பிறகு அண்ணன் தறிக்குழியை மூடிவிட்டு விசைத்தறி போட்டார். குற்றம் சொல்ல மாட்டேன். குழித்தறி எங்களுக்குக் கஞ்சி ஊற்றியது. அதற்கு மேல் ஊற்றவில்லை. தந்தையாரின் முதுகு ஐம்பது வயதிலேயே கூனிவிட்டது. பழைய நெசவில் எல்லாம் நலமே என்று நகரத்தில் இருந்துகொண்டு பேசுவது எளிது. ஆயினும் பழைய நாளில், தெருவில் பாவை விரித்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, தூரிகையை இழுத்துக்கொண்டு தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எத்தனை நடை நடந்தார்கள்! பாவு ஓடும் பெண்கள் நடந்த தொலைவை எவரும் அளந்ததில்லை. தறியில் அமர்ந்தாலும் கால்கள் மிதித்துக்கொண்டே இருக்கும். விசைத்தறியில் அந்த வேலையை மின்சாரம் செய்கிறது. அண்ணன் கொட்டகையில் நின்று இழை அறுகிறதா என்று பார்ப்பார். கடைக்குப் போக மோட்டார் சைக்கிள். திருத்தணிக்குப் போனாலும் மலைமேல் வரைக்கும் மோட்டார் சாலை உண்டு. கார் கோயில் வாசலில் கொண்டுபோய் விடும். இருபது ஆண்டுகளாக அவர் படியில் கால் வைக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஆடிக் கிருத்திகையன்று கூட்டம் மிகுந்து, வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டார்கள். சகோதரர் இருவரும் படியேறினோம். அண்ணனுக்கு அப்போது வயது 61. ஒல்லியான உடம்பு. சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை, சுருட்டு இல்லை. அந்த ஆண்டு செய்த பரிசோதனையில் எல்லாம் நேர் என்று எழுதியிருந்தார்கள். எழுபதாம் படிக்கருகே அவர் நின்றார். முகம் வெளுத்திருந்தது. "மார்பு வலிக்கிறதா அண்ணா?" என்று கேட்டேன். "வலி ஒன்றும் இல்லையடா, மூச்சுதான்" என்றார். அவருக்குப் பின்னால் காவடியோடு வந்த கிழவர் ஒருவர் எங்களை விலகச் சொல்லிவிட்டு ஏறிப் போனார். நான் அறியாமலே படிகளை எண்ணிக்கொண்டு வந்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

சென்னைக்கு அழைத்து வந்து நடைப்பொறியில் ஏற்றினோம். இரண்டாம் படிநிலை முடிவதற்குள் போதும் என்று கையசைத்துவிட்டார். கணக்கில் 6 மெட் அளவு. இருதயத்தின் மின்பதிவில் கோளாறு இல்லை; நுரையீரலும் இரத்தமும் நன்றாக இருந்தன. சோதித்த மருத்துவர், "நோய் ஒன்றும் இல்லை, திறன்தான் குறைவு" என்றார். அண்ணனுக்கு அந்த வாக்கியத்தின் முற்பாதி மட்டும் கேட்டது. எனக்குப் பிற்பாதி மட்டும் கேட்டது. ரயிலில் வீடு திரும்பும்போது அரக்கோணம் வரையில் இதையே வாதாடிக்கொண்டு வந்தோம். "நோய் இல்லையென்றால் அப்புறம் உனக்கு என்ன கவலை?" என்பது அவர் கட்சி. நோய் வந்தபின் தாங்குவதற்குக் கையிருப்பு இல்லையே என்பது என் கட்சி. முழங்காலில் ஓர் அறுவை, நெஞ்சில் ஒரு சளிக்காய்ச்சல், எது வந்தாலும் உடல் அந்தக் கையிருப்பிலிருந்துதான் எடுத்துச் செலவிட வேண்டும்.

ஒல்லியாக இருந்தால் கவலை இல்லை என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. ஸ்காட்லாந்தில் நாற்பது முதல் எழுபது வயது வரை உள்ள தெற்காசிய ஆண்கள் 100 பேரையும் ஐரோப்பிய ஆண்கள் 100 பேரையும் ஒப்பிட்டு 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், தெற்காசியரின் மூச்சுத் திறன் குறைவாக இருந்ததும், அவர்களிடம் இன்சுலின் சரிவர வேலை செய்யாமைக்கு அக்குறை ஒரு முக்கியக் காரணமாக நின்றதும் தெரியவந்தன. நம் நாட்டிலோ, தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்கள், அதாவது 54.4 சதவீதத்தினர், போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று கண்டார்கள்.

ஆனால் நண்பர்களே, மாரிஸின் காற்சட்டையை மறந்துவிடாதீர்கள். 2025இல் ஸ்வீடன் நாட்டிலிருந்து ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. பதினெட்டு வயதையொட்டி இராணுவச் சோதனைக்கு வந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் மூச்சுத் திறனையும், பிற்காலத்தில் அவர்கள் மாண்ட காரணங்களையும் ஒப்பிட்டார்கள். திறன் மிகுந்தவர்கள் இருதய நோயால் குறைவாக மாண்டார்கள், எதிர்பார்த்ததே. ஆனால் அவர்கள் மோட்டார் விபத்திலும், நீரில் மூழ்கியும்கூடக் குறைவாகவே மாண்டார்கள்! நன்றாக ஓடுகிறவனை லாரி விலகிப் போகுமா? போகாது. ஆகவே திறன் மிக்கவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே குடும்பம், வாழ்க்கை வசதி, இயல்பு என்று நாம் அளக்காத வேறுபாடுகள் இருக்கின்றன; அவையும் சேர்ந்துதான் கணக்கைப் பெரிதாகக் காட்டுகின்றன. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. இருபது வாரம் ஒரே பயிற்சியைக் குடும்பம் குடும்பமாகச் செய்யச் சொல்லிப் பார்த்த அமெரிக்க, கனடா அறிஞர்கள், சிலருக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் பிராணவாயு கூடியதையும், சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கூடாததையும் 1999இல் எடுத்துக்காட்டினார்கள். கூடியதும் கூடாததும் குடும்பத்துக்குக் குடும்பம் ஒத்திருந்தன.

இவற்றையெல்லாம் எடைபோட்ட பின் என் கருத்து இதுதான்: மூச்சுத் திறன் உடல்நிலையைக் காட்டும் அளவுகோல் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைக் கூட்டினால் ஆயுள் இத்தனை சதவீதம் கூடும் என்று எவராவது பேரம் பேசினால், அந்த விலையைச் சற்றுக் குறைத்தே கேட்பேன். 6,213 பேரின் சராசரியைத் தூக்கி என் அண்ணன் ஒருவர் தலையில் வைக்க இயலாது. ஆனால் திறன் கூடும், குறையும் என்பதும், குறைவது மிக விரைவாக நடக்கும் என்பதும் நேரடிச் சோதனையிலேயே கண்டவை. 1966இல் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் செய்தார்கள். அவர்களுடைய உச்சம் நாலில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்துவிட்டது. பிறகு பயிற்சி கொடுத்து மீட்டார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதில், அதே ஐவரை மீண்டும் சோதித்தார்கள். அந்த முப்பது ஆண்டு மூப்பு செய்த கேட்டைக் காட்டிலும், இளமையில் மூன்று வாரப் படுக்கை செய்த கேடே பெரிதாக இருந்தது. தேர்வுக்குப் படிக்கிறேன் என்று மாதக்கணக்கில் நாற்காலியை விட்டு எழாத கல்லூரி மாணவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். உங்களுக்கு இருபது வயது என்பதால் மட்டும் உடல் சலுகை காட்டுவதில்லை.

வீட்டிலேயே அளந்துகொள்ள வழி உண்டா என்று சிலர் கேட்பீர்கள். ஸ்பெயின் நாட்டில் இருதயச் சோதனைக்கு வந்த 165 பேரை 60 படிகள், அதாவது நான்கு மாடி, நிற்காமல் விரைந்து ஏறச் சொன்னார்கள். முக்கால் நிமிடத்துக்குள் ஏறியவர்களின் உச்சம் 9, 10 மெட்டுக்கு மேல் இருந்தது. ஒன்றரை நிமிடமோ அதற்கு மேலோ பிடித்தவர்களுக்கு 8க்குக் கீழ். இது 2020இல் அறிவித்த முடிவு. ஆனால் அவர்கள் அனைவரும் மருத்துவர் சோதித்து அனுப்பியவர்கள். நடுவயதினரும், நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ கண்டவர்களும் மருத்துவரைக் கேளாமல் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடியேறப் புறப்பட வேண்டாம். ஆடி மாதத்து வெயிலில், கூட்டத்தில், மலைப்படியில் பந்தயம் கட்டவே வேண்டாம். என் தந்தையார் ஒருநாளும் விரைந்து ஏறியதில்லை. தம் இயல்பான நடையில் ஏறுவார். நிற்க வேண்டிய இடத்தில் நிற்பார். பக்கத்தில் ஏறுபவனோடு அவர் தம்மை ஒப்பிட்டதும் இல்லை. ஒப்பிட்டதெல்லாம் சென்ற ஆண்டு ஏறிய தம்மோடுதான்.

அண்ணன் கடைசியில் இணங்கினார். எனக்காக அல்ல, அந்தக் காவடிக் கிழவருக்காக. தம்மைவிடப் பத்து வயது மூத்தவர் தம்மை விலகச் சொன்னது அவர் நெஞ்சில் தைத்திருந்தது. முதல் மாதம் விடியற்காலையில் ஊர்ப்புறச் சாலையில் கால் மணி நேரம் நடந்தார். பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு விரைவாக நடக்கும்படி சொல்லியிருந்தேன். அவருக்கு எப்போதுமே பாட வராது என்று அண்ணி குறுக்கே சொன்னார். பிறகு அரை மணி, பிறகு வாரத்துக்கு ஐந்து நாள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுவதை ஏறக்குறைய எட்டிவிட்டார். நடுவில் பாவு நூல் விலை ஏறியபோது ஒரு மாதம் நின்றுபோயிற்று. மழைக்காலத்தில் இன்னொரு முறை. எட்டாம் மாதம் மீண்டும் நடைப்பொறியில் ஏறினார். ஒரு மெட் கூடியிருந்தது. எனக்கு அது பெரிய செய்தி. அவருக்கு அந்த எண் ஒன்றும் புரியவில்லை, பொருட்படுத்தவும் இல்லை.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு எனக்குக் கல்லூரியில் தேர்வுப் பணி. போக முடியவில்லை. மாலையில் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை, தரிசனம் எப்படி என்றும் சொல்லவில்லை. "நூற்று முப்பத்திரண்டு" என்றார்.

"எழுதி வைத்தீர்களா அண்ணா?" என்றேன்.

பழைய சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. தந்தையாரின் எண்கள் அதன் அடியில் போய்விட்டன. அதனால் விசைத்தறிக் கொட்டகையில் மின்பலகைக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறாராம். கரித்துண்டு கிடைக்கவில்லை, நூல் மூட்டைக்கு அடையாளமிடும் மையினால் எழுதினேன் என்றார்.